ஒரு பெட்டிக்குள் இரண்டு விலாசம்

இஸ்ஸத் ஜும்ஆத் தொழுகைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மாவட்டச் செயலகமான கச்சேரியின் மண்டபத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை தலையை நிமிர்த்தி, "முப்பத்தோராம் நம்பர் ஆர்?" என்று கேட்டாள்.

ஸைனம்பு கைப்பையை அணைத்தபடி எழுந்தாள். "என்ரை தம்பி. தொழப் போயிட்டான். ரெண்டு மணிக்கு முதல் வந்திடுவான்."

"ஆள் வேண்டாம் அக்கா, நீங்கள் வாங்கோ. ஃபோமிலை ஒரு பிழை கிடக்கு."

ஸைனம்புவுக்குக் காது சூடாகியது. அந்தப் படிவத்தை நிரப்பியது தம்பியல்ல, அவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், அவள் கையால் போன தாளில் இதுவரை வெட்டோ திருத்தமோ இருந்ததில்லை. வேறு தாளில் எழுதிப் பார்ப்பாள். பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, அதன்மேல் பேனையால் எழுதி, மை காய்ந்தபிறகு கோட்டை அழித்துவிட்டுத்தான் கொடுப்பாள். அப்படிப்பட்ட தாளில் பிழையா?

அது 2016ஆம் ஆண்டு, மாசி மாதம். நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு எழுதப்போவதாகச் சொல்லி, அதில் என்ன இருக்கவேண்டும் என்று சனத்திடமே கேட்க ஒரு குழு மாவட்டம் மாவட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் வரலாம். படிவம் நிரப்பித் துண்டு எடுத்தால் ஐந்து நிமிடம் பேசலாம். அந்த ஐந்து நிமிடத்துக்காக இஸ்ஸத் நான்கு மாதம் எழுதினான். ஸைனம்பு அதை மூன்று தரம் சுத்தப்பிரதி எடுத்தாள். சமையலறை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வாசிக்கச் சொன்னாள். முதல் தரம் பதினொரு நிமிடம் வந்தது. கடைசியில் நாலே முக்காலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

மேசையிலிருந்த பிள்ளையின் சட்டையில் வினோஜா என்று பெயர் குத்தியிருந்தது. அவள் பேனை முனையால் தாளைத் தொட்டுக் காட்டினாள்.

"நிரந்தர வதிவிடம் எண்ட பெட்டிக்குள்ளை ரெண்டு விலாசம் எழுதியிருக்கிறியள். மேலை யாழ்ப்பாணம், கீழை புத்தளம். நடுவிலை கோடும் போட்டிருக்கு. ஆர் போட்டது?"

"நான்தான். அடிமட்டம் வைச்சு."

"வடிவாத்தான் போட்டிருக்கிறியள். ஆனால் எது சரி?"

"ரெண்டும் சரி."

"அக்கா, ரெண்டும் சரியா இருக்கேலாது. இது யாழ்ப்பாண மாவட்டத்துக்கு. புத்தளத்து ஆக்களுக்கு அங்கை வேறை நாள். இதிலை ஒண்டை வெட்டிக் கையெழுத்து வையுங்கோ. புத்தளத்தை வெட்டினால் உங்கடை தம்பி இண்டைக்கு இங்கை கதைக்கலாம். யாழ்ப்பாணத்தை வெட்டினால் நானே அங்கத்தையப் பட்டியலுக்கு அனுப்பிவிடுறன்." அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "ஒண்டரைக்குப் பட்டியல் உள்ளை போகவேணும். அதுக்குள்ளை சொல்லுங்கோ."

மணி பன்னிரண்டு நாற்பது.

ஸைனம்பு தம்பிக்குத் தொலைபேசி எடுத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பள்ளிவாசலுக்குள் காலை வைக்கும்போதே அணைத்துவிடுவான். குத்பாப் பிரசங்கம் முடிந்து, தொழுது, நாலு பேரோடு கைகொடுத்துவிட்டுத்தான் மறுபடி போடுவான். அதற்குள் ஒன்றரை தாண்டிவிடும்.

அவள் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

புத்தளத்திலும் பேசலாம்தான். ஆனால் இஸ்ஸத்துக்கு அது வேண்டாம். "அங்கை சொன்னால் அது அகதியின்ரை முறைப்பாடு, ராத்தா. இங்கை சொன்னால்தான் ஊர்க்காரன்ரை கதை. கேக்கவேண்டிய ஆக்கள் இங்கைதான் இருக்கினம்" என்று எத்தனை தரம் சொல்லிவிட்டான். அப்படியென்றால் புத்தளத்தை வெட்டவேண்டியதுதானே? அங்கேதான் ஸைனம்புவின் கை நின்றது. இஸ்ஸத்தின் மனைவி ஆஸிகாவும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் புத்தளத்தில். மூத்தவள் சப்னாவுக்கு வருகிற தை மாதம் முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாக்காளர் பட்டியலில் தகப்பன் பெயர் இருக்கவேண்டும். தெரிந்த குடும்பம் ஒன்று இங்கே பதியக் கேட்டவுடன் அங்கே பெயர் வெட்டுப்பட்டது. இங்கே வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்று இங்கேயும் பதிவு இழுபட்டது. அந்தப் பிள்ளைகள் ஒரு வருடம் வீட்டில் இருந்தார்கள். அரசாங்கத் தாளில் தன் கையாலே ஒரு ஊரை வெட்டினால், அந்தத் தாள் எந்தக் கந்தோருக்குப் போகும், யார் கண்ணில் படும், யார் கண்டது?

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் சோனகத் தெருவால் போனபோது ஸைனம்புவுக்கு இருபது வயது, இஸ்ஸத்துக்குப் பதினான்கு. இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். துவக்கு வைத்திருந்த தமிழ் இயக்கத்துக்காரர் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்றார்கள், சனம் போனது. வாப்பா கடைச் சாவியைக் கொண்டுவந்து சாகும்வரை இடுப்பில் செருகியிருந்தார். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இஸ்ஸத் பகலில் உப்பளத்தில் மண்வெட்டி பிடித்தான், பின்னேரத்தில் படித்தான். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்குத் திறமைச் சித்தி. அந்தச் சான்றிதழை ஸைனம்பு பொலித்தீன் உறையில் போட்டு, உறையின் வாயையும் தையல் மெசினில் கொடுத்துத் தைத்துவிட்டாள்.

யுத்தம் முடிந்த மறுவருடம் அவன் யாழ்ப்பாணம் வந்து பழைய இரும்பு, பழைய பேப்பர் வாங்கத் தொடங்கினான். புருசனை இழந்திருந்த ஸைனம்புவும் மெசினோடு கூட வந்து, கூரை மட்டும் போட்ட ஓர் அறையில் பள்ளிச் சட்டை தைத்தாள். அந்தத் தொழிலில் இஸ்ஸத்துக்கு ஒரு முறை இருந்தது. யன்னல் கம்பியோ கதவோ கேற்றோ யார் கொண்டுவந்தாலும், "இது ஆற்றை?" என்று கேட்பான். சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட துண்டு இல்லாமல் தராசில் வைக்கமாட்டான். மற்ற வியாபாரிகள் சிரித்தார்கள். ஊரைவிட்டுப் போனபின் தன் வீட்டில் கதவும் யன்னலும் ஓடும் மரமும் ஒவ்வொன்றாகப் போனபோது யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று அவன் பதில் சொல்லவுமில்லை.

அரசியலமைப்பும் தராசில்தான் வந்தது. நல்லூரில் செத்துப்போன ஒரு சட்டத்தரணியின் பேப்பர்களைப் பிள்ளைகள் கிலோக் கணக்கில் விற்றார்கள். ஸைனம்புவுக்குச் சட்டை மாதிரி வெட்டக் கடதாசி வேண்டும். அந்தப் பேப்பர்க் கட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, முதல் தாள்களைக் கிழித்து ஒட்டி, ஒரு பிள்ளையின் சட்டைக் கைக்கு மாதிரி வெட்டி ஆணியில் தொங்கவிட்டாள். சாப்பிட வந்த இஸ்ஸத் சுவரைப் பார்த்தபடியே நின்றுவிட்டான்.

"ராத்தா, இது என்னத்தை வெட்டியிருக்கிறியள் தெரியுமே?"

"கை. ஆறு வயசுக்கு."

"நாட்டின்ரை இறைமையை வெட்டியிருக்கிறியள்!"

அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரை அந்தக் கையின் நடுவில் இருந்தது. வரிகளின் ஓரங்கள் வளைவோடு போய்விட்டன. இறைமை மக்களுடையது, அதை அவர்களிடமிருந்து கைமாற்ற முடியாது என்ற அளவு மட்டும் மிஞ்சியிருந்தது. அன்றைக்கே அவன் மீதியை வாசிக்கத் தொடங்கினான். அவன் வாசிக்க, சட்டைக்குத் தெறி தைத்தபடியே அவள் கேட்டாள். சட்டம் செய்வது, ஆட்சி நடத்துவது, நீதி சொல்வது என்று அதிகாரத்தை ஏன் மூன்றாகப் பிரிக்கிறார்கள் என்று அவள் கேட்டபோது, அவன் மெசினைக் காட்டினான்.

"அளவெடுக்கிறது ஒராள், வெட்டுறது ஒராள், தைச்சு முடிஞ்சதைப் பிடிச்சுப் பார்க்கிறது இன்னொராள் எண்டு வையுங்கோ."

"மூண்டையும் நான்தானே செய்யிறன்."

"அதுதான் துணி குறைஞ்சால் சனம் ஆரிட்டையும் கேக்கேலாமல் கிடக்கு."

அவள் கத்தரிக்கோலை ஓங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

சிரிப்பு நின்றது நூற்றிருபத்தாறாம் உறுப்புரைக்கு வந்தபோது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் மீறியது ஆட்சித் துறையோ நிர்வாகமோ ஆக இருக்கவேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். இஸ்ஸத் அந்தப் பக்கத்தைப் பல தரம் திருப்பினான். விரும்பிய இடத்தில் குடியிருக்கும் சுதந்திரம் பதினாலாம் உறுப்புரையில் இருந்தது. அவர்களிடமிருந்து அதைப் பறித்தது அரசாங்கமல்ல. அப்படியென்றால் அவர்களுக்கு நடந்தது இந்தப் புத்தகத்துக்குள் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அன்று தொடங்கியதுதான் இந்த ஐந்து நிமிடம்.

"தங்கச்சி, இருந்து எழும்பி இருந்து எழும்பி எனக்குத் தலை சுத்துது."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சொன்னார். அறுபத்தைந்து வயது இருக்கும், கடலில் கறுத்த உடம்பு, கையில் முப்பத்திரண்டாம் துண்டு. சோமசேகரம் என்று காலையிலேயே பெயர் சொல்லியிருந்தார். காங்கேசன்துறைக்காரர். அதே தொண்ணூறில், ஆனியில், இராணுவம் சனத்தை எழுப்பிவிட்ட ஊர். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மல்லாகத்தில் முகாமில் இருந்தார்.

ஸைனம்பு படிவத்தைக் காட்டி விசயத்தைச் சொன்னாள்.

"உதுக்கே இவ்வளவு? நான் காங்கேசன்துறை எண்டுதான் எழுதினனான். அங்கை என்ரை வீட்டிலை ஆலமரம் முளைச்சு நிக்குது. ஆமி வேலிக்கு இங்காலை நிண்டு பார்த்தனான். எண்டாலும் விலாசம் அதுதான்."

"உங்களுக்கு ரெண்டும் ஒரு மாவட்டம், அண்ணை."

"அதுவும் சரிதான்." அவர் அவளுடைய கையிலிருந்த சுத்தப்பிரதியை எட்டிப் பார்த்தார். "தம்பி என்ன கதைக்கப் போறார்?"

அவள் கொடுத்தாள். அந்த எழுத்தை யாராவது வாசிப்பது அவளுக்குப் பிடிக்கும். சோமசேகரம் கண்ணாடியை மாட்டி, உதடு அசைய வாசித்தார். பாதியில் முகம் மாறியது.

"உதை அவங்களுக்கு முன்னாலை சொல்லப்போறாரே? எங்கடை ஆக்களைப் பற்றிக் கொழும்பாரிட்டைக் கோள் சொல்லுறமாதிரியெல்லோ போகும்."

"உங்களை எழுப்பினது ஆர் அண்ணை?"

"ஆமி."

"அப்ப உங்களுக்கு வழக்குக்குப் போக ஒரு கோடு இருக்கு. நூற்றிருபத்தாறு. எங்களுக்கு அதுவும் இல்லை."

"கோடோ? எத்தினை நாளுக்குள்ளை?"

"ஒரு மாசம்."

சோமசேகரம் முதலில் விளங்காதவர்போலப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பல்ல. "ஒரு மாசம்! அந்த ஒரு மாசமும் நாங்கள் கோயில் மண்டபத்திலை படுத்திருந்தம். மேலை ஹெலி சுத்துது. என்ரை மனிசி கமலாவதிக்கு வயித்திலை ஏழு மாசம். எந்தக் கோட்டுக்கு, எந்த பஸ்ஸிலை போறது?" தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனாலும் தங்கச்சி, உது இங்கை வேண்டாம். புத்தளத்திலை சொல்லட்டும். யாழ்ப்பாணத்தை வெட்டுங்கோ."

மணி ஒன்று பதினைந்து. மேசையிலிருந்து வினோஜா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

அந்த ஒரு சொல்தான் ஸைனம்புவை எழுப்பியது. யாழ்ப்பாணத்தை வெட்டுங்கோ. இவர் நல்ல மனிசன், காலையில் தன் தண்ணீர்ப் போத்தலை அவளுக்கு நீட்டியவர். நல்ல மனிசர் வாயிலிருந்துகூட அது எவ்வளவு சுகமாக வந்துவிடுகிறது. அவள் மேசைக்குப் போனாள்.

"பிள்ளை, விரும்பின இடத்திலை குடியிருக்கலாம் எண்டு பதினாலிலை எழுதியிருக்கு. ஒரு இடத்திலைதான் எண்டு எழுதியில்லை."

வினோஜா பாவமாக விழித்தாள். "அக்கா, அது எனக்குத் தெரியாது. பெட்டி ஒண்டுதான் இருக்கு."

"வெட்டினால் அந்தத் தாள் புத்தளத்துக்குப் போகுமே? வாக்காளர் பட்டியலிலை இருந்து பேர் போகுமே?"

"சத்தியமாத் தெரியாது. போகாதெண்டுதான் நினைக்கிறன்."

நினைக்கிறன். ஸைனம்பு கைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தாள். சப்னா பள்ளிச் சட்டையோடு வீட்டு வாசலில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. அந்தச் சட்டையை அவள் இப்போதே தைத்து வைத்திருந்தாள். அல்லாஹ்வே என்று சொல்லி, புத்தளம் என்ற வரியின் நடுவால் நேராக ஒரு கோடு இழுத்துக் கையெழுத்தும் வைத்தாள்.

இஸ்ஸத் ஒன்று ஐம்பதுக்குத் தொப்பியைக் கையில் மடித்துப் பிடித்தபடி வந்தான். அவன் வந்ததும் நம்பர் கூப்பிட்டார்கள். வெட்டியதைச் சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். முன்னால் நீளமேசையில் குழுவினர். நடுவில் நூலில் கண்ணாடி தொங்கவிட்ட ஓர் அம்மா. ஸைனம்பு பின்சுவரோடு நின்றாள். உட்கார முடியவில்லை. தம்பி வாசிக்க வாசிக்க அவள் உதடும் கூடவே அசைந்தது.

"மக்களிடம் இறைமை இருக்கெண்டு எழுதியிருக்கு. அண்டைக்கு எங்களை வெளிக்கிடச் சொன்னவையும் மக்களுக்காகத்தான் எண்டு சொன்னவை. அப்ப அந்த மக்களுக்குள்ளை நாங்கள் இல்லையோ?"

மண்டபம் முணுமுணுத்தது. இடதுபக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. "உதைப் போய்ப் புத்தளத்திலை சொல்லு!"

இஸ்ஸத் நிறுத்தினான். இரண்டு மூன்று கதிரைகளை அரக்கும் சத்தம் கேட்டது. நான்கு மாதமும் இந்த இடத்தில் முடிந்துவிடுமா?

"இருடாப்பா," என்றார் சோமசேகரம், திரும்பிப் பார்க்காமலே. "அவன்ரை நம்பர் முடியட்டும். பேந்து உன்ரை நம்பரிலை நீ கத்து."

யாரோ சிரித்தார்கள். இஸ்ஸத் தொடர்ந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. ஓர் ஆளையோ ஒரு சனக்கூட்டத்தையோ, இன்னார் என்ற காரணத்தால் குடியிருக்கும் இடத்தை விட்டு அகற்றும் உரிமை அரசுக்கும் இல்லை, வேறு எவருக்கும் இல்லை. அகற்றியது யாராக இருந்தாலும் அகற்றப்பட்டவருக்குப் பொறுப்புச் சொல்வது அரசின் கடமை. இதை அரசியலமைப்பின் முதல் பக்கங்களில், இறைமைக்குப் பக்கத்தில் எழுதவேண்டும்.

கண்ணாடி அம்மா படிவத்தைக் கையிலெடுத்தார். "நல்லது. ஒரு விளக்கம். இங்கே புத்தளம் என்று எழுதி வெட்டியிருக்கிறது. நீங்கள் இப்போது புத்தளத்தில் இருக்கவில்லையா?"

இஸ்ஸத் விழித்தான். "இருக்கிறன் அம்மா. மனிசி பிள்ளையள் அங்கை. நான் ரெண்டு இடத்திலையும் இருக்கிறன். நான் வெட்டேல்லை."

பதிவெழுதுபவர் பேனையை நிறுத்தினார். வாசலில் வினோஜாவின் முகம் வெளிறியது. பொய்த் தாள் என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்களோ என்று ஸைனம்பு பயந்தாள். அடுத்த நொடி அவள் நடுவழியில் நின்றுகொண்டிருந்தாள்.

"வெட்டினது நான்தான் அம்மா. இவன்ரை ராத்தா. ரெண்டும் சரியான விலாசம். பெட்டிதான் ஒண்டு."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கத்தியவன்கூடச் சிரித்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் படிவத்தை மேசை விளிம்புக்குத் தள்ளி, தன் பேனையையும் அதன்மேல் வைத்தார்.

"அப்படியென்றால் இரண்டும் இருக்கட்டும். வந்து எழுதுங்கள்."

ஸைனம்பு போனாள். வெட்டியதை வெட்டாததாக்க முடியாது. பெட்டிக்குள் இடமும் இல்லை. ஆகவே பெட்டிக்கு வெளியே, ஓரத்தில், புத்தளத்து விலாசத்தை மறுபடியும் எழுதினாள். பென்சில் கோடு இல்லாமல், நூற்றைம்பது பேர் பார்க்க. வரி சற்றுச் சரிந்துவிட்டது.

அடுத்த நம்பர் சோமசேகரம். அவர் தன் ஊரைப் பற்றி, வேலியைப் பற்றி, ஆலமரத்தைப் பற்றிப் பேசினார். இஸ்ஸத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறங்கப்போகும்போது மட்டும் நின்று, "நூற்றிருபத்தாறிலை ஒரு மாசம் எண்டு கிடக்காம். அது காணாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கோ" என்றார்.

வெளியே மோட்டார் சைக்கிளை உதைத்தபடி இஸ்ஸத் கேட்டான். "ஏன் ராத்தா வெட்டினனீங்கள்?"

"பின்னை? நீ ஃபோனை நிப்பாட்டிப்போட்டுப் போனாய்."

"அதுவும் அடிமட்டம் வைச்சு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தை மாதம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்தாள். கடிதம் ஒன்றும் வரவில்லை. சப்னா பள்ளிக்கூடம் போனாள். சட்டைக் கை மட்டும் கொஞ்சம் நீளம்.

புதிய அரசியலமைப்பும் வரவில்லை. தேர்தல்கள் வந்தன, அரசாங்கங்கள் மாறின. இப்போது சப்னா சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள். இஸ்ஸத் இன்னும் "இது ஆற்றை?" என்று கேட்டுத்தான் தராசில் வைக்கிறான். வானொலியில் புதிய அரசியலமைப்பு என்ற சொல் கேட்டால் ஸைனம்பு மெசினை நிறுத்துவாள். தம்பியின் பேச்சைப் போட்டு வைத்த உறையிலிருந்து அந்தச் சுத்தப்பிரதியை எடுப்பாள், எழுத்து மங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அந்த முப்பத்தோராம் நம்பர்த் தாள் கொழும்பில் எந்த அலுமாரியில் கிடக்கிறதோ தெரியாது. அதன் ஓரத்தில் ஒரு வரி சரிந்து நிற்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கை பரபரக்கும். பழைய கடதாசி ஒன்றை இழுத்து, அடிமட்டம் வைத்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெட்டி கீறுவாள். இரண்டும் ஒரே அளவு.